ஏழாவது படத்தில் ஒரு புள்ளி

பிற்பகல் நாலு பத்துக்குக் கணவன் ஷெர்வினின் தலையணையில் பழுப்புக் கறை இருந்தது. மூன்று மணிக்கு ஜோசஃபின் உறை மாற்றியபோது அது இல்லை.

விரலால் தொட்டாள். பிசுபிசுத்தது. நாற்றம் முதலில் பெங்களூர் அல்சூர் ஏரியுடையது என்றுதான் நினைத்தாள். வெயில் ஏறினால் ஜோகுபாளையத்துச் சந்துகளில் அந்த நாற்றம் வந்து உட்கார்ந்துகொள்ளும். இது வேறு. அவள் பிறந்த கோலார் தங்கவயலில், சுரங்கக் கழிவு குவிந்த சயனைட் மேட்டிலிருந்து காற்று திரும்பும் நாட்களில், மூடி வைத்த சோற்றிலும் ஏறிவிடும் கசப்பு. நாக்கின் அடியில் எச்சில் ஊறியது.

"என்னப்பா, வாந்தி எடுத்தியா?"

"இல்ல ஜோசி. குளிருது. ஏசி போட்டியா?"

"இந்த வீட்ல ஏது ஏசி? உங்கம்மா அனுப்பிச்சாங்களா?"

சிரித்தான். பல்லிடுக்கில் பழுப்பு.

வைட்ஃபீல்டில் இரவு வேலை முடித்து வந்து படுத்தவன். சாதாரணக் காய்ச்சல்தான். மேசைக்குத் திரும்பினாள். போனில் வீணா, உடன் வேலை செய்பவள்.

"இன்னும் ரெண்டு படம்தானே அக்கா? ஆறு மணிக்கு ஆராய்ச்சிப் பேப்பர் போகணும். முடியலன்னா சொல்லுங்க, நான் பண்றேன்."

"நானே முடிச்சிடறேன்."

சனியின் நிலவான டைட்டனை விண்வெளித் தொலைநோக்கி அகச்சிவப்பில் எடுத்த ஏழு படங்கள், வீணாவும் திறந்து திருத்தக்கூடிய பொதுக் கோப்பில். அந்த நிலவின் பழுப்புப் புகைமூட்டத்தை ஊடுருவித் தரையைக் காட்டுபவை. மைனஸ் நூற்றெழுபத்தொன்பது டிகிரித் தரை. ஏழிலும் அதன்மேல் ஒரு சூடான புள்ளி. கருவியின் கோளாறு என்று குறித்திருந்தாள். அப்படிப்பட்ட கெட்ட புள்ளியை அழித்து, அக்கம்பக்கத்துப் புள்ளிகளின் சராசரியால் நிரப்பிவிடுவது அவர்கள் ஆய்வகத்தின் வழக்கம். மூன்று மணியிலிருந்து ஐந்தை நிரப்பியாயிற்று.

ஆறாவதை நிரப்பினாள்.

உள்ளே இருமல். தொண்டைக்குள் ஏதோ தடித்துப் புரள்வதுபோல் ஈரமான இருமல்.

கொரோனா காலத்தில் வாங்கிய நெற்றி வெப்பமானியை எடுத்துக்கொண்டு போனாள். அதுவும் அகச்சிவப்புதான். சுவரில் பிடித்தாள்: இருபத்தேழு. அவன் நெற்றியில் பிடித்தாள். எண்ணே வரவில்லை. 'லோ' என்று காட்டியது.

மறுபடி. லோ.

ஆறிய பாலில் ஏடு படிவதுபோல் அவன் உதடுகளின்மேல் பழுப்பாய் ஏடு படிந்திருந்தது. மூச்சு விட்டபோது உப்பியது. உடையவில்லை. துண்டால் துடைத்தாள். துண்டு ஒட்டிக்கொண்டு, இழுத்தால் நூல்நூலாய் நீண்டது. பிய்த்தெடுத்தாள். அடியில் தோல் இல்லை. அதே பழுப்புதான் இருந்தது.

மேசையில் போன் அடித்தது. கை இரண்டும் பிசினில். எடுக்க முடியவில்லை. அடித்து அடித்து ஓய்ந்தது.

கெட்ட புள்ளி கருவியைச் சேர்ந்தது. எல்லாப் படத்திலும் ஒரே இடத்தில் நிற்கும். இந்தப் புள்ளி படத்துக்குப் படம் நிலவோடு சேர்ந்து நகர்ந்திருந்தது. அவளுக்கு முதலிலேயே தெரியும். ஆறு மணிக்குள் முடிய வேண்டுமே என்று பார்க்காததுபோல் இருந்துவிட்டாள்.

ஓடினாள். ஆறு படங்களிலும் பழையதைத் திரும்பக் கொண்டுவரப் பார்த்தாள். மேலெழுதியாயிற்று. ஏழாவதைத் திறந்தாள். புள்ளி இருந்தது. வெப்பத்தைப் பார்த்தாள்.

முப்பத்தேழு.

மனித உடம்பின் சூடு.

மவுஸிலிருந்து கையை எடுத்தாள். இதைத் தொடக்கூடாது. இது ஒன்றுதான் பாக்கி.

உள்ளே மூச்சு கேட்டது. களகளவென்று. ஆனாலும் மூச்சு.

திரையில் புள்ளி மறைந்தது.

அவள் தொடவில்லை.

மூச்சு கேட்கவில்லை.

அறைக்குப் போனாள். போர்வைக்கு வெளியே கழுத்து. கழுத்துக்கு மேல் கண் இல்லை. மூக்கு இல்லை. வாய் இல்லை. தலையணையின் மட்டத்துக்கு, ஒரே சீராய், பழுப்பு. வழவழப்பாய். நடுவில் ஒரு குமிழ் மெல்ல எழும்பி, அமிழ்ந்து, சமமானது.

போன் அடித்தது. பிசின் விரலால் தேய்த்தாள்.

"ஆய்த்து அக்கா! நீங்க போன் எடுக்கல, அதான் ஏழாவதையும் நானே நிரப்பிட்டேன். எவ்ளோ நீட்டா இருக்கு தெரியுமா, ஒரு புள்ளி இல்ல. அனுப்பிடட்டா?"