இரண்டாயிரம் அடியில் ஒரு குரல்

ஹாட்லைன் மணி அடிக்காமலேயே ஒரு விமானம் கூப்பிட்டது. முறை அதுவல்ல. எதுவாக இருந்தாலும் முதலில் பெரிய ரேடார் மையத்திலிருந்து வைத்தியலிங்கம் தொலைபேசியில் சொல்வார், இன்னது வருகிறது, இன்ன உயரத்தில் வருகிறது என்று. டவரில் தர்ஷினி சரி என்ற பிறகுதான் விமானி அவளிடம் பேசுவான். இந்தக் குரலோ, பத்திரிகை வைக்காத கல்யாணத்தில் வந்து பந்தியில் உட்கார்ந்ததுபோல உட்கார்ந்துவிட்டது.

“டவர், காலை வணக்கம். பாபநாசத்துக்கு மேலே வட்டமடிக்கிறோம். இரண்டாயிரம் அடி. இறங்க அனுமதி வேண்டும்.”

தை பிறந்தும் பனி விட்டபாடில்லை. வெயில் ஏறியிருக்க வேண்டிய நேரத்தில், டவரின் நாலு பக்கக் கண்ணாடியிலும் வெள்ளை அப்பிக்கிடந்தது. அறுப்புக்கு நின்ற சம்பா வயல்களிலிருந்து ஈர நெல்தாளின் வாசனை ஏசி வழியாகவே உள்ளே வந்து தொண்டையில் தங்க, எங்கேயோ ஒரு அறுப்பு மெஷின் இருமி இருமி நின்றுபோன சத்தமும், கண்ணாடியில் நீர் கோடு கோடாக இறங்கும் சத்தமும் தவிர வேறெதுவும் அவள் காதில் விழவில்லை. வயலுக்கு நடுவே போட்ட சின்ன விமான நிலையம் அது. ரேடார் கிடையாது. கண்ணும் காதும் தொலைபேசியும்தான் அவளுக்கு எல்லாம்.

பாபநாசத்துக்கு மேலே மூவாயிரம் அடியில் ஏற்கெனவே சென்னை விமானம் சுற்றிக்கொண்டிருந்தது. சுற்றுவட்டாரத்தில் எல்லா இடத்திலும் பனி. திரும்பிப் போகவும் எண்ணெய் இல்லை. அந்த விமானத்தில்தான் அவள் கணவன் வசந்தகுமாரும், ஐந்து வயது பூமிகாவும் வந்துகொண்டிருந்தார்கள். இப்போதுதான் ஓடுபாதையின் முதல் விளக்குகள் மங்கலாகத் தெரிய ஆரம்பித்திருந்தன, குழந்தையை இறக்கிவிடலாம் என்று மூச்சு விட்டிருந்தாள்.

ஹாட்லைனை எடுத்தாள்.

“சார், சென்னை ஃப்ளைட்டுக்குக் கீழ இன்னொண்ணு நிக்குதே. நீங்க சொல்லவே இல்லையே?”

“நான் ஒண்ணுதாம்மா அனுப்பினேன்,” என்றார் வைத்தியலிங்கம்.

“ரெண்டாயிரம் அடிங்கிறான்.”

“அவ்வளவு தாழ்வா இருந்தா என் ரேடார்ல தெரியாது. எவனோ தனியார் விமானமா இருக்கும். இருக்குன்னே வெச்சுக்கம்மா. இல்லேன்னு நெனச்சு ஏமாந்துடாத.”

அதுதான் தொழிலின் வேதம். ஒரு குரல் ஓர் உயரத்தைச் சொல்லிவிட்டால் அந்த உயரம் அதற்குச் சொந்தம். ஆயிரம் அடி இடைவெளி விட்டுத்தான் இன்னொன்று. கீழே இருப்பது விலகாமல் மேலே இருப்பதை இறக்க முடியாது.

“தெற்கே அதிராம்பட்டினம் பக்கம் விலகிப் போங்கள். சென்னை விமானத்துக்கு எண்ணெய் இருபது நிமிடம்தான் இருக்கிறது,” என்றாள் கீழே இருந்தவனிடம்.

“எங்களுக்குப் பத்து நிமிடம்தான்,” என்றது குரல்.

எண்ணெய் குறைந்தவனுக்கே முதலிடம். அதுவும் விதி. பாழாய்ப்போன விதி! தன் குழந்தையை மேலே காத்திருக்க வைத்து, முகம் தெரியாத ஒருவனுக்கு அவள் வழி விட்டாள்.

“இறங்கலாம்.”

அதுவரை ஆங்கிலத்தில் பேசிய குரல் தமிழுக்கு மாறியது.

“ரொம்ப நன்றி, தர்ஷினி.”

பேரை அவள் சொல்லவே இல்லை.

பனிக்குள் சக்கரம் தேய்ந்தது. பைனாகுலரை எடுத்தாள். ஓடுபாதையின் நடுவில் ஒரு விமானம். விளக்கில்லை. மூக்கிலிருந்து வால்வரை சேறு. இறக்கையில் நெற்கதிர்கள் கொத்தாகத் தொங்கின. விமானத்தின் பதிவெழுத்து எதுவும் படிக்க முடியவில்லை.

“பாதையை விட்டு விலகுங்கள்.”

விமானம் அசையவில்லை.

“உடனே விலகுங்கள்!”

“இங்கயே இருக்கோம்.”

அப்போது சென்னை விமானத்தின் விமானி பேசினார். “மேடம், ரொம்ப நேரமா யார்கிட்ட பேசிட்டிருக்கீங்க? எங்களுக்கு உங்க குரல் மட்டும்தானே கேக்குது.”

வாக்கி-டாக்கியில் தீயணைப்பு வண்டியின் செல்லத்துரையைக் கூப்பிட்டாள். “அண்ணே, ஓடுபாதையில ஒரு விமானம் நிக்குது. போய்ப் பாருங்க.”

சிவப்பு வண்டி பனியைக் கிழித்துக்கொண்டு போனது. நேராகப் போனது. அந்தச் சேற்று விமானத்தின் வயிற்றுக்குள் புகுந்து, மறுபக்கம் வெளியே வந்தது.

“ஒண்ணுமில்லம்மா,” என்றார் செல்லத்துரை. “இந்தக் கோடியிலேர்ந்து அந்தக் கோடி வரைக்கும் பாத்துட்டேன். பாதை சுத்தமா கெடக்கு. கண்ணு அசந்துட்டீங்களா?”

பாதையில் ஏதாவது நிற்பதைக் கண் பார்த்துவிட்டால், கடவுளே வந்து சொன்னாலும் இன்னொன்றை இறக்கக் கூடாது. பயிற்சியின் முதல் நாள் பாடம். அவளுக்குத் தெரியும். நன்றாகத் தெரியும். ஆனால் மேலே எண்ணெய் தீர்ந்துகொண்டிருந்தது. தூக்கமில்லாத கண், பயந்த மனசு, எதைத்தான் காட்டாது? ஐயோ, என் பிள்ளை. வேறெதுவும் அவளுக்குத் தோன்றவில்லை.

செல்லத்துரை விலகியதும் மைக்கை அழுத்தினாள். “சென்னை விமானம், பாதை காலி. இறங்கலாம்.”

“இறங்குகிறோம். இனி மேலே ஏற எண்ணெய் இல்லை,” என்றார் விமானி.

மேற்கே பனி சிவந்தது. இரண்டு விளக்குகள். தாழ்ந்தன. நெருங்கின.

“வரட்டும்,” என்றது அந்தக் குரல். இந்த முறை ஸ்பீக்கரிலிருந்து வரவில்லை. அவள் காதுக்குப் பக்கத்திலிருந்து வந்தது. ஈரத் தாளின் வாசனை அடித்தது.

“ஏறுங்க! மேலே ஏறுங்க!” மைக்கை அழுத்திக் கத்தினாள்.

ஸ்பீக்கரில் அவள் குரலே கேட்டது. நிதானமாக.

“பாதை காலி. இறங்கலாம்.”

மறுபடி கத்தினாள். மறுபடி அதே குரல். “இறங்கலாம்.”

இறங்குகிற விமானத்தின் வெளிச்சம், நின்றிருந்ததன் மேல் முழுசாக விழுந்தது. சேற்றுக்கு அடியில் சென்னை விமானத்தின் அதே பதிவெழுத்தும், வரிசையாக ஜன்னல்களும் தெரிந்தன. ஒவ்வொன்றிலும் ஒரு முகம். ஒரு முகமும் அசையவில்லை. நடு ஜன்னலில் வசந்தகுமார். வாய் நிறையச் சேறு. அவன் மடியில் பூமிகா. கண்ணாடியில் உள்ளங்கையை வைத்து, டவரைப் பார்த்து, அம்மாவுக்கு மறு கையை மெதுவாக ஆட்டினாள்.