தொட்டிக்கு வெளியே ஒரு பூட்டு

"ஐயோ... தொட்டிக்குள்ள ஆளு!"

அலறல் கேட்டதும் மகேந்திரன் கையிலிருந்த தே தாரேக் டீயைப் போட்டுவிட்டு ஓடினான்.

செமோர் பக்கம் பழைய தோட்டத்து ரப்பர் ஃபேக்டரி. பின்பக்கத்தில் கழிவுநீர்த் தொட்டி. அதைச் சுற்றிக் கூட்டம்.

எட்டிப் பார்த்தான்.

அடியில், சேற்றில், குப்புற ஓர் உருவம்! ஆரஞ்சு உடுப்பு. முதுகில் கொட்டை எழுத்தில் 'பிச்சைமுத்து'.

அவன் அக்காள் வீரம்மாவின் புருஷன்!

தொட்டிக்குக் காற்று அனுப்பும் ப்ளோவர் ஓடவில்லை. ஆனால் சுவிட்ச் பெட்டியில் பிச்சைமுத்துவின் சிவப்புப் பூட்டு தொங்கியது.

அங்கே அதுதான் வழக்கம். இறங்குகிறவன் ப்ளோவரை ஓடவிட்டு, பெட்டிக்குத் தன் பூட்டைப் போட்டு, சாவியைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு இறங்குவான். அவன் ஏறி வரும்வரை யாரும் அணைக்க முடியாது. பூட்டு தொங்கினால் உள்ளே ஆள் இருக்கிறான்!

"மச்சான்!"

ஏணியில் கால் வைத்தவனின் சட்டையைக் கொத்தாகப் பிடித்து இழுத்தாள் மாதுமை. ஃபேக்டரியின் பாதுகாப்பு அதிகாரி.

"இறங்காத!"

"விடுங்க மிஸ்! அக்காகிட்ட நான் என்ன சொல்லுவேன்?"

"நீயும் செத்துட்டா அதச் சொல்லக்கூட ஆள் இருக்காது!"

"நாத்தமே இல்ல மிஸ்! காலையில அழுகின முட்டை மாதிரி அடிச்சிச்சு. இப்ப கேஸ் போயிருச்சு லா!"

"கேஸ் போகல... உன் மூக்கு போயிருச்சு! இந்த கேஸ் கூடிப்போனா மொதல்ல மூக்குதான் மரத்துப்போகும். எல்லாரும் பின்னால போங்க! தீயணைப்பு பொம்பாவுக்குப் போன் போடுங்க, காத்து சிலிண்டரோட வரட்டும்!"

கயிற்றில் கட்டிய கேஸ் மீட்டரை உள்ளே இறக்கினாள்.

வீல்... வீல்... வீல்! மீட்டர் அலறியது.

மகேந்திரன் ஏணியை விட்டுப் பின்னால் நகர்ந்தான். இன்னும் நாலு படி இறங்கியிருந்தால்...?

மாதுமை ப்ளோவரின் பின்பக்கம் குனிந்தாள். முகம் வெளுத்தது.

ஒயர் இரண்டு துண்டாகக் கிடந்தது!

"எலி கடிச்சிருக்கும் மிஸ்." கண்ணைத் துடைத்தபடி வந்தார் சூப்பர்வைசர் தனேஸ்வரன்.

மகேந்திரன் பல்லைக் கடித்தான். கழிவுநீரைத் திருட்டுத்தனமாக ஆற்றில் திறந்துவிட்டதற்காக இவரோடுதான் நேற்று கேன்டீனில் சண்டை போட்டான் மச்சான். மேலே சொல்லிவிடுவேன் என்று கத்தவும் செய்தான்.

"கடைசியா எங்கிட்டதான் பேசுனாரு, பாவம்..." தனேஸ்வரன் மூக்கை உறிஞ்சினார்.

"உள்ள இருந்தா பேசுனாரு?" மாதுமை கேட்டாள்.

"ஆமா மிஸ். 'அண்ணே, நாத்தம் போயிருச்சு, பயமில்ல'ன்னாரு. அப்புறம் ரெண்டு இருமல்... பொத்துன்னு விழுந்துட்டாரு!"

"அவர் குரல்தானா?"

"இந்தக் காதால கேட்டேன்!"

மாதுமை ஸ்டோர் பக்கம் திரும்பினாள்.

"பிச்சைமுத்து அண்ணே! வெளிய வாங்க!"

கதவு திறந்தது.

கைலியும் பனியனுமாய், கையில் பாதி தின்ற கறிபாப் பலகாரத்தோடு வந்து நின்றான் பிச்சைமுத்து. உயிரோடு!

"படுபாவி மச்சான்!" மகேந்திரன் பாய்ந்து கட்டிக்கொண்டு அழுதான்.

"உள்ள கிடக்கறது பயிற்சி பொம்மை," என்றாள் மாதுமை. "யாரு அவசரப்பட்டு இறங்குறாங்கன்னு பாக்க ஒத்திகை வெச்சேன். எனக்கும் இவருக்கும் மட்டும்தான் தெரியும். ஆனா ப்ளோவர் ஓடிக்கிட்டேதான் இருக்கணும். ஒயர வெட்டுனது என் திட்டத்துல இல்ல, தனேஸ்வரன்... பொம்மை பேசுனதும் இல்ல!"

தனேஸ்வரன் ஓரடி பின்வாங்கினார்.

"பூட்டப் பாத்து ஒயர வெட்டுனீங்க, ஆளப் பாக்கல," என்றான் பிச்சைமுத்து.

திரும்பி ஓடப் பார்த்தவரின் காலரை மகேந்திரன் எட்டிப் பிடித்தான். போலீஸ் வண்டி வரும்வரை விடவில்லை.

விலங்கோடு வண்டியில் ஏறியவரைப் பார்த்து, மிச்சக் கறிபாப்பை மென்றபடி பிச்சைமுத்து சொன்னான்:

"அண்ணே, நீங்க இறங்குற எடத்துலயும் பூட்டு உண்டு லா... சாவி மட்டும் உங்க பையில இருக்காது!"