குடிபோகாத வீட்டில் பொங்கிய பால்

காலை 7.40. கிள்ளான் பக்கம், மேரு.

யாரும் குடிபோகாத வீட்டில் பால் பொங்கியிருந்தது.

முதலில் பார்த்தவர் கேட்டில் காவலுக்கு இருந்த நேப்பாளி. வரிசை வரிசையாக இரட்டைமாடி வீடுகள், ஆளில்லாமல் புல் மண்டிக் கிடந்தன. அதில் ஒரு வீட்டின் சமையலறையில் சின்ன கேஸ் அடுப்பு, அதன்மேல் வெண்கலப் பானை, அடுப்பெல்லாம் வழிந்து காய்ந்த பால். கூடத்தில் எண்ணெய் வற்றிக் கருகிய குத்துவிளக்கு. டம்ளருக்குப் பக்கத்தில் பூச்சிமருந்து பாட்டில். தரையில் சபாபதி, உயிரில்லாமல்.

சபாபதி, உதயம் வீட்டுக்கடன் கூட்டுறவுச் சங்கத்தின் கடன் அதிகாரி. அன்று காலை பத்து மணிக்கு விசாரணைக் குழுவின் முன்னால் முதல் சாட்சியாக உட்கார வேண்டியவர்.

“நேத்து ராத்திரி ஆபீஸ் வாட்ஸப் குரூப்புல மெசேஜ் போட்டிருக்காரு, புவான்” என்று மலாய் முறையில் மரியாதையாகச் சொன்னார் சார்ஜன் ஹாசிம். “‘மேரு வீடுகள் விஷயத்துல நடந்த எல்லாத்துக்கும் நான்தான் பொறுப்பு. மன்னிச்சிடுங்க.’ அவ்வளவுதான்.”

“அவரு போன்லேர்ந்துதானா?” என்று கேட்டாள் கிள்ளான் இன்ஸ்பெக்டர் புனிதா.

“ஆமா. விரல் வச்சா தொறக்கிற போன்.”

புனிதா குனிந்து பார்த்தாள். நெற்றியில் திருநீறு இல்லை. செருப்பு வெளியே போர்ச்சில், ஒழுங்காக. இரண்டு குதிகாலிலும் சிமெண்டுத் தூசி. முழங்கைவரை சுருட்டிவிட்ட சட்டைக் கைமடிப்பில் ஏழெட்டு பச்சரிசி மணிகள்.

“அட்சதையா இருக்கும்” என்றார் ஹாசிம். “உங்காளுங்க கல்யாணத்துல நானும் வாங்கிப் போட்டிருக்கேன்லா.”

புனிதா அரிசியை ஒரு பிளாஸ்டிக் உறையில் போட்டுக்கொண்டாள்.

உதயம் மூழ்கிய கதை ஊருக்கே தெரியும். வீட்டு விலை ஏறிக்கொண்டிருந்தபோது, மூன்று லட்சம் ரிங்கிட் பெறாத வீட்டை ஆறு லட்சம் என்று மதித்துக் கடன் கொடுத்தார்கள். மாதத் தவணை கட்ட வக்கில்லாதவருக்கும் சாவியைக் கையில் திணித்தார்கள். அப்போது எல்லாரும் மாமன் மச்சான். விலை விழுந்தது, வீட்டை வாங்கியவர்கள் சாவியைத் திருப்பி வீசிவிட்டுப் போனார்கள், தோட்டத்தில் ரப்பர் பால் வெட்டியும் ரயில்வேயில் உழைத்தும் சேர்த்த சேமநிதிப் பணத்தை அங்கே போட்டவர்கள் தெருவில் நின்றார்கள். இனி பொறுப்பு யாருடையது? செத்தவன் தலையில் கட்டினால் அவன் எழுந்து வந்து மறுக்கப்போவதில்லை.

காலை 9.30. கிள்ளான்.

சபாபதியின் வீட்டு வாசல் குழாயடியில் ஒரு வாளி நிறையத் தண்ணீர். விளிம்பில் மடித்த துண்டு. உள்ளே அவர் மனைவி சீதாலெட்சுமி சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள்.

“தற்கொலைன்னு எழுதிட்டீங்கன்னா கேஸ் முடிஞ்சிரும், இல்லையா மேடம்?”

“முடிஞ்சிரும்.”

“அப்ப திருட்டுப் பட்டமும் அவருக்குத்தான். கிள்ளான்ல பாதிப் பேரு காசு உதயத்துலதான் கிடக்கு. என் பொண்ணு இந்த ஊருலதானே நடமாடணும்? அவரு ஒரு சென் எடுத்ததில்ல. எல்லாத்தையும் இன்னிக்கு விசாரணைல சொல்லப்போறேன்னு சொன்னாரு. சொல்லப்போற மனுஷன் எதுக்கு மேடம் சாகணும்?”

புனிதா குறிப்பேட்டைத் திறந்தாள்.

“கடைசியா எப்பப் பேசினாரு?”

“நேத்து சாயங்காலம் ஆறரை இருக்கும். வந்துகிட்டிருக்கேன், வாளில தண்ணி புடிச்சு வெளிய வைன்னாரு. வேற யாரோ கூப்பிடறாங்கன்னு வச்சிட்டாரு. அப்புறம் போனையே எடுக்கல.”

“காடி கழுவவா இருக்கும்” என்று முணுமுணுத்தார் ஹாசிம், வெளியே வந்து காரில் ஏறும்போது.

காலை 11.15. பிரிக்பீல்ட்ஸ்.

பூக்கடைகளுக்கு மேலே, முதல் மாடியில் உதயத்தின் அலுவலகம். கூடத்துக் கண்ணாடி அலமாரி காலியாக இருந்தது. கணக்காளர் ரமணி கண் வீங்கியிருந்தாள்.

“அந்த வெண்கலப் பானை இதுலதான் இருக்கும், மேடம். எங்க சங்கத்துல கடைசித் தவணைக் கடனைக் குடுக்கணும்னா, அந்த வீட்ல பால் காய்ச்சியிருக்கணும். இந்தப் பானையிலதான் காய்ச்சுவாங்க. தலைவரே வந்து விளக்கேத்துவாரு.”

“கடைசியா எப்பப் பாத்தீங்க பானைய?”

“நேத்து ஆறு மணிக்கு. விசாரணைக்காரங்க வருவாங்கன்னு நான்தான் தொடைச்சு வச்சேன். பூட்டிட்டுப் போயிட்டேன்.”

“சபாபதி?”

“நாலு மணிக்கே கெளம்பிட்டாரு.” அவள் தலைவரின் அறைப் பக்கம் பார்த்தாள். “எங்கன்னு தெரியாது.”

“ஆபீஸ் சாவி அவருகிட்ட இருந்ததா?”

“இல்ல. விசாரணை வந்ததும் வாங்கிட்டாங்க. இப்ப எங்கிட்ட ஒண்ணு, தலைவர்கிட்ட ஒண்ணு.”

தலைவர் பாலன் மெல்லிய குரல்காரர். மேசைமேல் முருகன் படம், புதுப் பூ.

“நல்ல மனுஷன். மனசாட்சி உறுத்தியிருக்கு. அந்த மேரு வீடுங்க எல்லாம் அவரு மதிப்பு போட்டதுதானே, அதான் அங்கயே போயி, முறையா பாலைக் காய்ச்சி...” கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

“கையெழுத்து நீங்க போட்டதுதானே?”

“கீழ இருந்து வர்றதுக்கு நான் கையெழுத்துப் போடுவேன். அவ்வளவுதான், மேடம்.”

“பணம் போட்டவங்களப் பாக்கப் போறதுண்டா?”

“யாரும் போகக் கூடாதுன்னு சொல்லி வச்சிருக்கேன். நல்லது கெட்டது எதுக்கும். போனா, தப்பு நம்மளதுன்னு நாமளே ஒத்துக்கிட்ட மாதிரி ஆயிரும். வக்கீல் சொன்னது.”

பழி ஓரிடம், பாவம் ஓரிடம் என்று பெரியவர்கள் சும்மாவா சொன்னார்கள்! புனிதா எரிச்சலோடு படியிறங்கினாள்.

கீழே பூக்கடையில் ஒரு பெண் தாம்பாளத்தில் அரிசியைப் பரப்பி மஞ்சள் தூளைப் போட்டுப் பிசறிக்கொண்டிருந்தாள். யாருக்கோ கல்யாணம். அரிசி பளிச்சென்று மஞ்சளாகிக்கொண்டு வந்தது.

புனிதா நின்றாள். கைப்பையிலிருந்து உறையை எடுத்துப் பார்த்தாள். உள்ளே இருந்த மணிகள் வெள்ளை வெளேரென்று இருந்தன. வாசலில் வைத்த அந்த வாளியும் துண்டும் நினைவுக்கு வந்தன.

திரும்ப மாடியேறி, ரமணியைப் படிக்கட்டு ஓரமாக அழைத்தாள்.

“நேத்து யாரு செத்தது?”

ரமணி உடைந்துவிட்டாள். “வள்ளியம்மா. சுங்கை பூலோக்காரங்க. எம்பதாயிரம் வெள்ளி போட்டிருந்தாங்க. பணம் வருமா வருமான்னு கேட்டே போயிட்டாங்க. தலைவருக்குத் தெரிஞ்சா வேலை போயிரும்னு சபாபதி அண்ணன் சாவுக்குப் போறத யார்கிட்டயும் சொல்லல. நான்தான் கீழ மாலை வாங்கிக் குடுத்தேன்.”

பகல் 12.30.

பாலன் மேசையில் புனிதா உறையை வைத்தாள். ரமணியும் ஹாசிமும் கதவருகே நின்றார்கள்.

“இது என்ன, மிஸ்டர் பாலன்?”

“அரிசி. அட்சதையா?”

“அட்சதைன்னா மஞ்சள் எங்க? இது வாய்க்கரிசி.”

பாலன் உறையைக் குனிந்து பார்த்தார்.

“நேத்து சாயங்காலம் சபாபதி வள்ளியம்மாவுக்கு வாய்க்கரிசி போட்டிருக்காரு. அள்ளும்போது சிந்தினது சட்டை மடிப்புல நின்னுடுச்சு. பொண்டாட்டிகிட்ட வாளில தண்ணி வைக்கச் சொன்னது காடி கழுவ இல்ல. சாவு வீட்டுக்குப் போனவன் தலை முழுகாம தன் வீட்டுக்குள்ளயே காலெடுத்து வைக்க மாட்டான். அப்படிப்பட்டவரு, அதே சட்டையோட, நெத்தில திருநீறுகூட இல்லாம, புது வீட்ல விளக்கேத்திப் பால் காய்ச்சினாருன்னா யாரு நம்புவா? பால் காய்ச்சினது வேற ஆளு. அவரு எங்கேர்ந்து வந்தாருன்னு தெரியாத ஆளு.”

“அது யாரா வேணா...”

“பானை ஆறு மணிக்கு இங்க இருந்தது. சபாபதிகிட்ட சாவி இல்ல. சாவி இருக்கறது ரெண்டு பேருகிட்ட. ரமணிதான் மாலை வாங்கிக் குடுத்தது, அவங்களுக்குச் சாவு தெரியும். தெரிஞ்சவங்க பால் பானையைத் தூக்கிட்டுப் போக மாட்டாங்க. மிச்சம் நீங்க. தெரியாமப் போனதுக்கும் நீங்கதான் காரணம். யாரும் துக்கம் கேக்கப் போகக் கூடாதுன்னு நீங்க போட்ட உத்தரவுதான் அவரை மறைக்க வச்சது.”

புனிதா மேசைமேல் குனிந்தாள்.

“குதிகால்ல சிமெண்டுத் தூசி. செருப்பைக் கழட்டி ஒழுங்கா வச்சிட்டு, போர்ச்சுலேர்ந்து உள்ள இழுத்திருக்கீங்க. அவரு விரலை வச்சே போனைத் தொறந்திருக்கீங்க. நீங்க சொல்லித்தான் மதிப்பை ஏத்திப் போட்டோம்னு அவரு இன்னிக்குச் சொல்லியிருப்பாரு, அதானே?”

பாலனின் மெல்லிய குரல் கரகரத்தது. “விலை ஏறினப்ப யாராவது வேணாம்னு சொன்னாங்களா? போர்டு சொல்லிச்சா? பணம் போட்டவங்க சொன்னாங்களா? டிவிடெண்டை வாங்கிட்டு எனக்கு மாலை போட்டாங்க. விழுந்தப்புறம் நான் மட்டும்தான் குத்தவாளியா?” பிறகு தானாகவே சொன்னார். “உள்ள வந்து உக்காந்து பேசுவோம்னுதான் கூப்பிட்டேன். வாசலைத் தாண்ட மாட்டேன்னுட்டாரு. என் கூட உக்காரக்கூடப் புடிக்கலன்னு நெனச்சேன். வாங்கிட்டுப் போன தேத்தண்ணில மருந்தைக் கலந்து வெளியவே குடுத்தேன். நின்னுகிட்டே குடிச்சாரு.”

ஹாசிம் கைவிலங்கை எடுத்தார்.

மாலை 4.00. கிள்ளான்.

புனிதா சொல்லி முடிக்கும்வரை சீதாலெட்சுமி அழவில்லை.

“ஏன் மேடம் வெளியவே நின்னாரு? அது காலி வீடுதானே?”

“குடிபோகாத வீட்டுக்குள்ள தீட்டோட போகக் கூடாதுன்னு நெனச்சிருப்பாரு.”

“அந்த வீட்டுக்கும் ஒரு நாள் யாராச்சும் குடிவருவாங்கன்னு நம்பியிருக்காரு, பாருங்க” என்றாள் சீதாலெட்சுமி. அப்போதுதான் அவளுக்கு அழுகை வந்தது.

பழி நீங்கிவிட்டது; வள்ளியம்மாவின் பணம் எங்கே என்பதற்கு எந்த இன்ஸ்பெக்டரிடமும் பதில் கிடையாது.

வெளியே வந்தபோது, கால் தட்டப்போகிறதே என்று ஹாசிம் குழாயடி வாளியைத் தூக்கினார், ஊற்றிவிட.

“அண்ணே, ஊத்தாதீங்க” என்று உள்ளிருந்து சீதாலெட்சுமியின் குரல் வந்தது. “அது அவருக்கு வச்ச தண்ணி. கொண்டாந்ததும் அதுலதான் குளிப்பாட்டணும்.”