ரிப்பனைத் திருப்பிய கை

ஃபோன் அலறியது.

கோப்பையை வாங்க நீண்ட மருந்துக்கடைக்காரரின் கை அந்தரத்தில் நின்றது.

ஓட்டப்பந்தய அமைப்பாளர் ஃபோனைக் காதில் வைத்தார். முகம் வெளுத்தது.

"பள்ளத்துல ஒருத்தர் விழுந்து கிடக்காராம். பேச்சு மூச்சில்ல... சட்டையில நம்பர் பதினேழு."

பதினேழு... தங்கை புருஷன்.

ஐம்பது கிலோமீட்டர் காட்டுப்பாதை ஓட்டம். மொத்தமே நாற்பது பேர். மூன்று வருடமாகக் கடைசி மேட்டில் மருந்துக்கடைக்காரரைத் தாண்டிப் போய் ஜெயித்தவர், தபால்காரரான அந்த மாப்பிள்ளை.

இந்த வருடம் தாண்டவில்லை.

துண்டோடு காத்திருந்த தங்கை ஓடி வந்தாள்.

"அண்ணா, அவர் உன் பின்னாடிதானே வந்தாரு?"

"ஆ... ஆமாம்மா."

கோப்பைக்காக நீட்டிய கையைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டார்.

முப்பத்தெட்டாவது கிலோமீட்டரில் பாதை இரண்டாகப் பிரியும். அங்கே வழிகாட்டிய சிவப்பு ரிப்பனை அவிழ்த்து, கல்குவாரிப் பக்கம் கட்டியது இதே கைதான். மாப்பிள்ளை சுற்றிக்கொண்டு வரட்டும், அரை மணி தாமதமாகட்டும் என்று மட்டும்தான் நினைத்தார்.

குவாரியின் விளிம்பை நினைக்கவில்லை.

ஆம்புலன்ஸ் மாப்பிள்ளையை இறக்கிவிட்டுப் போன ஆஸ்பத்திரி வராந்தா. தங்கை அவர் தோளில் சாய்ந்திருந்தாள். அந்த இடம் சுட்டது.

"நீ பக்கத்துல இருக்கறதாலதான் தைரியமா இருக்கேன்ணா."

அதற்கு மேல் அவரால் முடியவில்லை. எழுந்து, எதிரே குறிப்பெடுத்துக்கொண்டிருந்த பெண் சப்-இன்ஸ்பெக்டரிடம் போனார்.

"மேடம்... என்னைக் கைது பண்ணுங்க."

"எதுக்கு?"

"ரிப்பனை மாத்திக் கட்டினது நான்தான். மாப்பிள்ளையைக் குவாரியில தள்ளினதும் நான்தான்... கையால தள்ளல, அவ்வளவுதான்."

தங்கை நிமிர்ந்தாள். அழவில்லை. யாரோ ஒருவரைப் பார்ப்பது போல அவரைப் பார்த்தாள்.

"ஒரு கோப்பைக்காகவாண்ணா?"



சப்-இன்ஸ்பெக்டர் பேனாவை மூடினார்.

"நீங்கதானா அது? ரிப்பனைச் சரி பண்றதுக்குள்ள பதினொரு பேர் குவாரியைச் சுத்திட்டு வந்து என்னைப் பிடிச்சுத் திட்டினாங்க. ஒருத்தருக்கும் கீறல் இல்ல. அதைத் தனியா விசாரிக்கறேன். ஆனா உங்க மாப்பிள்ளை விழுந்தது குவாரியில இல்ல சார். ஓடையில."

"ஓடையா? அது இருபதாவது கிலோமீட்டர் பக்கமாச்சே... பாதை அங்க போகாதே."

"அதான் எனக்கும் புரியல."

கதவு திறந்தது. நர்ஸ் எட்டிப் பார்த்தாள்.

"கண்ணு முழிச்சிட்டாரு. கால்தான் ஒடைஞ்சிருக்கு, பயமில்ல. மச்சானைக் கூப்பிடறாரு."

மூவரும் உள்ளே போனார்கள்.

கட்டிலில் கிடந்த தபால்காரர் கை கூப்பினார்.

"மன்னிச்சிடுங்க மச்சான். மலையைச் சுத்தாம ஓடை வழியா குறுக்கால வந்தேன்... வழுக்கிட்டேன்."

"குறுக்காலயா?"

"மூணு வருஷமாவே. ஆறு கிலோமீட்டர் மிச்சம். வந்து உங்க பின்னாடி ஒட்டிக்குவேன். நீங்க களைச்சிருப்பீங்க, நான் களைச்சிருக்க மாட்டேன்..."

மருந்துக்கடைக்காரர் கட்டிலின் விளிம்பைப் பிடித்துக்கொண்டார்.

உண்மையில் மூன்று வருடமும் ஜெயித்தவர் அவர்தான். இந்த வருடமும் ரிப்பனைத் தொடாமலே ஜெயித்திருப்பார்.

"மாப்ளே... நானும் உங்ககிட்ட ஒண்ணு சொல்லணும்."

சொன்னார். அறையில் யாரும் யார் முகத்தையும் பார்க்கவில்லை.

தங்கை துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டாள்.

"ஆக, இன்னிக்கு வழி மாறாம ஒழுங்கா ஓடினது அந்த ஆம்புலன்ஸ் ஒண்ணுதான். கோப்பையை அந்த டிரைவர்கிட்ட குடுத்துடலாம்."