அண்ணாச்சி காரும் ஜெமிமாவின் எண்ணெய்க் கையும்

செந்தில்முருகன் அண்ணாச்சியின் வெள்ளைக் கார் மூன்று வாரமாக மேம்பாலம் ஏற அழுதது. சமதளத்தில் சமர்த்தாக ஓடும். பாலத்தைக் கண்டால் போதும், வேகம் செத்துவிடும். பின்னால் கரும்புகை கக்கும். உப்பு மூட்டை ஏற்றிய லாரிகள்கூட ஹாரன் அடித்துக்கொண்டு அதை முந்திப் போயின.

அந்தக் காரை ஓட்டுகிறவர் ஜெமிமாவின் அப்பா ஹென்றி. அண்ணாச்சி பஜாரில் பாத்திரக்கடை வைத்திருப்பவர். மனசு நல்ல மனசுதான், வாய்தான் கொஞ்சம் நீளம்.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் அவர் ஜெமிமா வீட்டு வாசலுக்கே வந்துவிட்டார்.

“ஹென்றி, ரெண்டு ஒர்க்‌ஷாப்புல காட்டியாச்சு. நிறுத்தி வச்சுப் பார்த்தா ஒரு குறையும் இல்லங்கான். ஓட்டுனா இழுக்க மாட்டேங்குது. அப்போ குறை வண்டியிலயா, ஓட்டுத ஆள்கிட்டயா?”

அண்ணாச்சி அதோடு விடவில்லை.

“நேத்து சாத்தான்குளம் ரோட்டுல லாரியை முந்தும்போது வண்டி பாதியில படுத்துட்டு. எதிர்ல பஸ்ஸு. எனக்கு உயிர் போயி உயிர் வந்துச்சு. திங்கக்கிழமைக்குள்ள சரியாகலன்னா நான் வேற டிரைவர் பாத்துக்கிடுதேன்.”

அவர் போன பிறகு அப்பா சுவரை நிமிர்ந்து பார்த்தார். சுவரில் ஆணியடித்து, பழைய மஞ்சள் ஓஸ் குழாய் ஒன்றைச் சுருட்டி மாட்டியிருந்தார்கள்.

“பேபி, கிளாட்வின் வள்ளத்துல ஒரு ஆள் குறையுதாம். திங்கக்கிழமை நான் சங்கு குளிக்கப் போறேன்” என்று அம்மாவிடம் சொன்னார் அப்பா.

அம்மாவின் கையிலிருந்த அகப்பை அப்படியே நின்றது. “தலையைத் தண்ணிக்குள்ள விடவே கூடாதுன்னு டாக்டர் சொன்னது மறந்துபோச்சா?”

“கார் ஓட்டத்தான் தெரியலங்காரு. முங்கவாவது தெரியுமே.”

அன்று அம்மா வைத்த சாளை மீன் குழம்பு சட்டியில் அப்படியே இருந்தது.

ஜெமிமாவுக்குப் பயமாக இருந்தது. அப்பா பதினைந்து வருடம் சங்கு குளித்தவர். வள்ளத்தில் காற்றடிக்கும் கம்ப்ரஸர் ஓடும். அதிலிருந்து வரும் ஓஸை வாயில் கவ்விக்கொண்டு கடலடியில் மூச்சு விட்டபடி சங்கு எடுப்பார். போன வருடம் ஒரு நாள் காற்று திடீரென்று நின்றுவிட்டது. உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு வேகமாக மேலே வந்தார். இரண்டு காதிலும் ரத்தம். அன்றிலிருந்து சின்னச் சத்தங்கள் அவருக்குக் கேட்பதில்லை.

“ஹாரன் கேக்குது, குக்கர் கேக்குது. கொசு மட்டும்தான் கேக்கல. அதுவும் நல்லதுதான்” என்று அப்பா சிரிப்பார்.

ஜெமிமாவுக்கு மட்டும் சிரிப்பு வராது. அதற்கு ஒரு காரணம் இருந்தது. உப்புத் தண்ணீரில் ஓஸ் வெடித்துவிடக் கூடாது என்று, ஞாயிறு பூசை முடிந்ததும் தேங்காய் எண்ணெய் தடவி வைப்பார்கள். அது ஜெமிமாவின் வேலை. அப்பாவுக்கு அடிபட்டதற்கு முந்தைய ஞாயிறு அவள் எண்ணெய் தடவாமல் விளையாடப் போய்விட்டாள். யாரும் கேட்கவில்லை. அவளும் யாரிடமும் சொல்லவில்லை.

சனிக்கிழமை காலை டீசல் போடப் புறப்பட்ட அப்பா, ஜெமிமாவையும் கூட்டிக்கொண்டு போனார். பள்ளிக்கூடம் இல்லாத நாள்.

மேம்பாலம் வந்தது. அப்பா ஆக்சிலேட்டரை மிதித்தார். கார் முக்கியது.

‘உஸ்ஸ்ஸ்...’

ஜெமிமா நிமிர்ந்து உட்கார்ந்தாள். அப்பா காலை எடுத்ததும் சத்தம் நின்றது. மறுபடி மிதித்ததும் மறுபடி உஸ்ஸ்.

வள்ளத்தில் இருப்பவர்களுக்கும் கடலடியில் இருப்பவருக்கும் ஒரு பாஷை உண்டு. இருவரையும் இணைக்கும் கயிற்றை ஒரு தடவை இழுத்தால் எல்லாம் சரி. இரண்டு தடவை இழுத்தால் மேலே வா. ஜெமிமா அப்பாவின் சட்டைக்கையை இரண்டு தடவை இழுத்தாள்.

பாலம் இறங்கியதும் அப்பா காரை ஓரங்கட்டினார். “என்னளா?”

“மிதிக்கும்போது மட்டும் காத்து சீறுதுப்பா. கிளாட்வின் மாமா கம்ப்ரஸர்ல ஓஸ் லீக்கானா வருமே, அதே சத்தம்.”

“எனக்கு ஒண்ணும் கேக்கலையே.”

சொன்ன பிறகுதான் தனக்கு ஏன் கேட்கவில்லை என்பது அப்பாவுக்கு உறைத்தது.

“இதுல டர்போன்னு ஒண்ணு இருக்குளா. என்ஜினுக்குள்ள காத்தை அழுத்தி ஊதும். அந்தக் காத்து வழியில ஒழுகுனா வண்டி இழுக்காது, புகையும். நின்னுக்கிட்டு இருந்தா அழுத்தமும் இல்ல, ஒழுக்கும் இல்ல. அதான் ஒர்க்‌ஷாப்புல யாருக்கும் அகப்படல.”

அப்பா பானெட்டைத் திறந்தார். டர்போவிலிருந்து ஒரு தடித்த கறுப்பு ஓஸ் போனது. அதன் முனையை இறுக்கியிருந்த கிளிப்பைச் சுற்றிப் பிசுபிசுவென்று தூசி அப்பியிருந்தது.

அந்த இடத்தை ஜெமிமாவுக்கு நன்றாகத் தெரியும்.

“நாளைக்கு மாமா கம்ப்ரஸர்ல காத்து விட்டு, சோப்புத் தண்ணி ஊத்திப் பாப்போம்ப்பா” என்று மட்டும் சொன்னாள்.

ஞாயிற்றுக்கிழமை வள்ளங்கள் கடலுக்குப் போவதில்லை. பூசை முடிந்ததும் காரைக் கடற்கரைக்கே கொண்டுபோனார்கள். அப்பா ஏர் ஃபில்டரைக் கழற்றிவிட்டு, அந்த வாயில் மஞ்சள் ஓஸைச் செருகி, பழைய சைக்கிள் டியூபைச் சுற்றி இறுக்கிக் கட்டினார்.

“பைய விடுலே. ஆளை முக்குத மாதிரி அழுத்திராத” என்று மாமாவிடம் சொன்னார்.

“காருக்கும் சங்கு குளிக்கச் சொல்லிக் குடுக்கீகளாண்ணே?” என்று சிரித்துக்கொண்டே கிளாட்வின் மாமா காற்றைக் கொஞ்சமாகத் திறந்தார்.

ஜெமிமா சோப்புத் தண்ணீரை ஊற்றிக்கொண்டே வந்தாள். முதல் முனையில் ஒன்றுமில்லை. நடுவிலும் ஒன்றுமில்லை. அந்தக் கிளிப்பில் ஊற்றியதும் நுரை பொங்கி வழிந்தது.

அப்பா கிளிப்பைக் கழற்றி, ஓஸின் உட்புறத்தைத் தடவி முகர்ந்தார். “தேங்காண்ணெய். உள்ள எண்ணெய் இருந்தா ஓஸ் வழுக்கத்தானே செய்யும். கிளிப்பும் லூசு.”

“ஒர்க்‌ஷாப்புக்காரன் வேலைதாண்ணே. வாங்க, போயி நாலு வார்த்தை கேட்டுட்டு வருவோம்” என்றார் மாமா.

ஜெமிமா வாளியைக் கீழே வைத்தாள். பேசாமல் இருந்தால் யாருக்கும் தெரியாது. ஆனால் ஒரு பாவமும் அறியாதவர்கள் திட்டு வாங்குவார்கள். ஏற்கெனவே அப்பா வாங்கியது போதாதா?

“நான்தாம்ப்பா” என்றாள். “போன மாசம் நீங்க கார் கழுவும்போது பானெட்டுக்குள்ள இந்த ஓஸ் வெளுத்துப் போயி இருந்துச்சு. காசை வச்சுக் கிளிப்பைத் திருகி உள்ள எண்ணெய் விட்டேன். திரும்ப என் கைக்கு ஆன மட்டும்தான் இறுக்குனேன்.”

“கார் ஓஸுக்கு எதுக்குளா எண்ணெய்?”

அவளுக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. “அன்னைக்கு உங்க ஓஸுக்கு நான் எண்ணெய் தடவலப்பா. விளையாடப் போயிட்டேன். அதனாலதான உங்களுக்குக் காத்து நின்னுச்சு? இதுக்காவது தடவணும்னு நினைச்சேன்.”

அப்பா கம்ப்ரஸரை நிறுத்தச் சொன்னார். ஜெமிமாவின் கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு போய், கம்ப்ரஸரில் ஓஸ் மாட்டுகிற பித்தளைக் குழாயைக் காட்டினார். அந்தக் குழாய் மட்டும் புதிதாகப் பளபளத்தது.

“இங்கனதான் ஒடிஞ்சது. பித்தளைக்கு யாரும் எண்ணெய் தடவுறதில்ல. ஓஸைப் பாரு, அன்னைக்கும் இதே ஓஸ்தான். இன்னைக்கும் காத்து விட்டோமே, எங்கயாவது கீறல் இருக்கா?”

ஜெமிமா மஞ்சள் ஓஸை முழுக்கத் தடவிப் பார்த்தாள். ஒரு கீறல்கூட இல்லை.

“நானே கண்ணால பார்த்தேன்ளா, குழாய்தான் ஒடிஞ்சது” என்றார் மாமா. இப்போது அவர் சிரிக்கவில்லை.

“ஒரு வருசமா இதையா சுமந்துக்கிட்டு இருந்த?” என்றார் அப்பா. “என்கிட்ட ஒரு வார்த்தை கேக்கப்படாதா?”

அவள் அழுது முடிக்கும்வரை அவர் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தார். பிறகு இருவரும் எண்ணெயைத் துடைத்து, ஓஸை மாட்டி, கிளிப்பை இறுக்கினார்கள். மறுபடி காற்று விட்டுச் சோப்புத் தண்ணீர் ஊற்றினார்கள். ஒரு குமிழிகூட வரவில்லை.

திங்கட்கிழமை காலை கிளாட்வின் மாமாவின் வள்ளம் அப்பா இல்லாமல் போனது. ஜெமிமா சீருடையோடு அண்ணாச்சி வீட்டு வாசலில் நின்றாள். “நான் சொல்லுதேன்” என்ற அப்பாவை அவள் விடவில்லை. எண்ணெய் விட்டது, கிளிப்பைத் திருகியது எல்லாவற்றையும் அவளே சொன்னாள்.

அண்ணாச்சி மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

“ஓட்டுதவன்கிட்டக் குறைன்னு சொல்லிப்புட்டேன். தப்புத்தான் ஹென்றி, மனசுல வச்சுக்கிடாத” என்றார். பிறகு ஜெமிமாவைப் பார்த்தார். “ஏளா, ஞாயித்துக்கிழமை தோறும் நீ வந்து வண்டிச் சத்தத்தைக் கேட்டுச் சொல்லணும். காதைக் கொண்டு வா. எண்ணெய்க் கையை வீட்டுல வச்சுட்டு வா.”

ஜெமிமாவைப் பள்ளியில் விட்டுவிட்டுக் கடைக்குப் போவதாக ஏற்பாடு. மேம்பாலம் நெருங்கியதும் பின்சீட்டில் அண்ணாச்சி கண்ணை இறுக மூடிக்கொண்டார். அப்பா ஆக்சிலேட்டரை மிதித்தார். கார் உப்பு லாரியைத் தாண்டி விறுவிறுவென்று ஏறியது.

அப்பாவுக்கு உஸ் சத்தம் கேட்கவில்லை. அது நின்றுவிட்டதா, தன் காதுக்குத்தான் எட்டவில்லையா என்று அவருக்குத் தெரிய வழியில்லை. இனி எப்போதும் தெரியப் போவதுமில்லை. ஜெமிமா பாலத்தின் உச்சி வரை காதைக் கூர்மையாக்கிக் கேட்டாள்.

பிறகு அப்பாவின் சட்டைக்கையை ஒரே ஒரு தடவை இழுத்தாள்.