பஸ்ஸிலிருந்து இறங்கிய பதினோரு பேர்

காலை 11.05. மலைமேல் குண்டனி நாட்டு மிளகு குடோனில் மூன்று மூட்டைகளைக் காணோம். பூட்டு உடையவில்லை, பகலில் கதவு திறந்தேதான் கிடக்கும். வாசலில் காவலுக்கு இருந்தவர் அர்த்தனாரி. ஊர் வேறு யார்மேல் பழி போடும்?

11.40. சப் இன்ஸ்பெக்டர் ஜெனிபர் வந்தார். மழை ஓய்ந்த மண்ணில் வண்டித் தடம் ஒன்றுகூட இல்லை. மூட்டைகள் தூரம் போயிருக்காது என்று அப்போதே பட்டது.

"இடத்தை விட்டு நகந்தீங்களா?"

"பத்தே முக்கால் பஸ் வந்தப்ப ரெண்டு எட்டு வச்சேனுங்க. அது போன பின்னாலயும் ரோட்டையே பாத்துட்டு நின்னுட்டேன்."

"யார் யார் இறங்கினா?"

மனிதர் மூச்சுவிடாமல் ஒப்பித்தார். பதினோரு பேர். பச்சைச் சேலை, பலாப்பழக்காரர், கால் தாங்கி நடந்த பெண்... இத்தனை கூர்மையான சாட்சியை ஜெனிபர் பார்த்ததில்லை. இத்தனை உதவாத சாட்சியையும்தான்.

"யாரைத் தேடினீங்க?"

அர்த்தனாரி சலவைச் சட்டையின் காலரை இழுத்துவிட்டுக்கொண்டார். "பாவாயிங்க, என்ற ஊட்டுக்காரி. கோவிச்சுட்டுக் கீழ போயி மூணு வருசமாச்சு. டீக்கடை ஓம்பிரகாஷ் அவளைச் சேந்தமங்கலத்துல பாத்தானாம். இன்னிக்கு வாரேன்னு சொன்னாளாம்."

அந்தக் காத்திருப்பு ஜெனிபருக்குத் தெரியும். நாகர்கோவிலில் மகளை விட்டுவிட்டு வந்தவர் அவர். மலைக்கு வந்த புதிதில் இதே பஸ்ஸைப் பார்த்தபடி நின்று, பக்கத்திலிருந்த கைதியைக் கோட்டைவிட்டிருக்கிறார். அன்றிலிருந்து, மனசு இழுக்கும் பக்கத்தைக் கடைசியாகத்தான் பார்ப்பார்.

12.10. குடோனை ஒட்டிய டீக்கடை.

"பத்தே முக்கால் பஸ்ஸுல யார் வந்தா?"

"கவனிக்கலீங்க மேடம். பால் காச்சிட்டு இருந்தேன்," என்றான் ஓம்பிரகாஷ்.

"ஒருத்தரைக்கூடவா?"

"இல்லீங்க."

"அந்த பஸ்ஸை நம்பித்தான் உன் கடையே இருக்கு. இறங்குற ஒவ்வொரு ஆளும் உனக்கு ஒரு டீ. நீ பாக்கலைன்னா, நீ கடையில இல்ல. அர்த்தனாரி கண்ணு குடோன் பக்கம் திரும்பாதுன்னு உனக்கு மட்டும்தான் தெரியும். அதை ரோட்டுல கட்டிப்போட்டதே நீதானே?"

கடைக்குப் பின்னால் விறகை விலக்கியதும் மூன்று மூட்டைகளும் கிடைத்தன.

பழி நீங்கிவிட்டது. வேலையும் தப்பித்தது. ஆனால் அர்த்தனாரி மூட்டைகளைத் திரும்பிக்கூடப் பார்க்காமல் ஓம்பிரகாஷின் கையைப் பிடித்துக்கொண்டார்.

"அப்ப, பாவாயி வாரேன்னு சொல்லவே இல்லியா கண்ணு?"