இரண்டு நாடிகள்

காலை 7.40. நாகர்கோவிலில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியின் இதய வார்டு. ஆறாம் படுக்கையில் ஞானையன் காதில் ஹெட்போனுடன் படுத்திருந்தார். மயிலாடியில் நாற்பது வருடம் உளிச் சத்தத்துக்கு நடுவே கல் செதுக்கியவர். உதட்டில் புன்னகை அப்படியே இருந்தது. தலைமை நர்ஸ் ஓமனா அவர் கையைத் தொட்டாள். சில்லிட்டிருந்தது. நாடி முப்பத்தெட்டு.

ஆறு மணிக்கு அதே நாடி நூற்றுப் பன்னிரண்டு. பயத்தில் இப்படி எகிறியதால் அவருடைய ஆஞ்சியோபிளாஸ்டி ஏற்கெனவே இரண்டு முறை தள்ளிப்போயிருந்தது. அதனால்தான் இந்த முறை பிந்துவிடம் ஒப்படைத்தார்கள். சிகிச்சைக்கு முன் நோயாளிகளுக்கு மூச்சுப் பயிற்சியும் இசையும் கொடுத்துப் பயத்தைத் தணிப்பது அவள் வேலை. சேர்ந்து மூன்று மாதம்தான் ஆகிறது.

7.44. டாக்டர் எபிசன் ஓடி வந்தார். ஓர் ஊசி போட்டார். நாற்பதுக்கு ஏறிய நாடி முப்பத்தாறுக்கு இறங்கியது.

"காலையில என்ன குடுத்தீங்க?"

"ஆறு மணிக்கு வழக்கமான பாதி மாத்திரை, சார். வேற ஒண்ணுமில்ல."

"இசையில அளவுக்கு மீறித் தளர்ந்துட்டாரா, இதயமே நிக்கப் பாக்குதா, இல்ல வேற மருந்து உள்ள போயிருக்கா? ஒவ்வொண்ணுக்கும் வைத்தியம் வேற. மருந்துன்னா மாத்து மருந்து ரெண்டு குப்பிதான் இருக்கு. எது, எவ்வளவுன்னு பத்து நிமிஷத்துல எனக்குத் தெரியணும், சிஸ்டர்."

வெளியே மருமகன் ஜெபிஷ் பிந்துவை மறித்துக்கொண்டு நின்றான்.

"எனக்க மாமாவ என்ன செய்த? உனக்க பிளாஸ்க்குல என்ன இருக்கு?"

"சுக்குவெள்ளம். எனக்குத் தொண்டைக்கு. அவருக்கு ஒரு சொட்டு குடுக்கல்ல."

"பின்ன பாட்டுப் போட்டே ஆளக் கொன்னிருவியா?"

பெஞ்சில் ஞானையனின் மனைவி ராஜபாய். மடியில் கைக்குட்டை மூட்டை. சிகிச்சைக்காக ஆறு மணிக்கே கழற்றிக் கொடுத்த மோதிரம், கைக்கடிகாரம், காது மெஷின், பல்செட் எல்லாம் அதில் இருந்தன.

வெளியே வந்த ஓமனா அவளிடம் குனிந்தாள். "அம்மா, உங்க படபடப்பு மாத்திரையப் போட்டீங்களா? நீங்களும் விழுந்திராதீங்க."

"போட்டாச்சு, மக்கா."

7.48. ஓமனா பிந்துவைத் தனியே அழைத்தாள்.

"எப்பம் ஆரம்பிச்ச?"

"ஏழு பத்துக்கு, சேச்சி. மூச்ச இழுத்து விடச் சொன்னேன். சிரிச்சுக்கிட்டே தலையாட்டினாரு. பொறவு புல்லாங்குழல் போட்டேன். கண்ண மூடிட்டாரு."

"மூச்ச இழுத்தாரா?"

பிந்து யோசித்தாள். "இல்ல சேச்சி. சும்மா சிரிச்சாரு."

ஓமனா ஹெட்போனைத் தன் காதில் வைத்துப் பார்த்தாள். மெல்லிய குழலோசை. அவள் முகம் மாறியது. ஜெபிஷிடம் போனாள்.

"ஆறே காலுக்குத் திரையப் போட்டு ஜெபம் பண்ணீங்க. உள்ள யாரெல்லாம்?"

"மாமா, மாமி, நான். இருவது நிமிசம் நான்தான் ஜெபிச்சேன்."

"கண்ண மூடியா?"

"கண்ணத் தொறந்து யாராவது ஜெபிப்பாங்களா, சிஸ்டர்?"

7.51. ஓமனா ராஜபாயின் அருகில் உட்கார்ந்து, ஆறுதல் சொல்வதுபோல் அவள் மணிக்கட்டைப் பிடித்தாள். கண் மட்டும் கடிகாரத்தில் இருந்தது.

"பாட்டு இல்லம்மா. அவருக்க மெஷின் உங்க மடியில இருக்கு. அது இல்லாம பக்கத்துல வெடி வெச்சாலும் அவருக்குக் கேக்காது. அந்தப் பிள்ளைக்க மனசு நோவக் கூடாதேன்னு சிரிச்சிருக்காரு. கேக்காத பாட்டு எப்படி நாடியக் குறைக்கும்? உள்ள போனது மருந்து. திரைக்குள்ள கண்ணத் தொறந்திருந்தது நீங்க."

"நான்..."

"மாத்திரை போட்டேன்னு சொன்னீங்க. போட்டிருந்தா உங்க நாடி நூத்தி இருவத்தி நாலுல ஓடாது. உங்க மாத்திரை எத்தன அவருக்குள்ள போச்சு?"

ராஜபாய் கைக்குட்டை மூட்டையை மார்போடு அணைத்துக்கொண்டாள்.

"மூணு. முந்தாநாள்ல இருந்து போடாம சேத்து வெச்சேன். ரெண்டு தரம் திருப்பி அனுப்பிட்டீங்களே மக்கா! படபடப்பு அடங்கினாத்தான செய்வீங்க? வெள்ளம் குடுக்கக் கூடாதுன்னீங்க. அதனால நாக்குல வெச்சுக் குடுத்தேன். அவரு எதுக்குன்னுகூட கேக்கல்ல."

ஓமனா எழுந்து ஓடிக்கொண்டிருந்தாள். "சார்! படபடப்பு மாத்திரை! மூணு!"

7.53. முதல் குப்பி. முப்பத்தேழு.

8.05. இரண்டாவது குப்பி. நாற்பத்தாறு. ராஜபாய் படுக்கையின் கம்பியைப் பிடித்தபடி நின்றாள்.

8.40. அறுபது.

டாக்டர் நெற்றியைத் துடைத்தார். "இன்னைக்கு ஆஞ்சியோ வேண்டாம். ரெண்டு நாள் கழிச்சு." ராஜபாயைப் பார்த்தார். திட்ட வாயெடுத்தவர், "முதல்ல உங்க மாத்திரையப் போடுங்க. என் கண்ணு முன்னால" என்றார்.

அவள் விழுங்கினாள். ஜெபிஷ் பிந்துவைப் பார்க்க முடியாமல், அவன் மறித்தபோது கீழே விழுந்திருந்த அவளுடைய பிளாஸ்கை எடுத்துத் துடைத்து நீட்டினான்.

ஞானையன் கண் விழித்தார். ஓமனா மூட்டையை அவிழ்த்து மெஷினை அவர் காதில் பொருத்தினாள். அவர் முதலில் மனைவியின் கையைத் தேடிப் பிடித்தார். பிறகு பிந்துவைப் பார்த்து மெதுவாகக் கேட்டார்:

"மக்கா, அது என்ன பாட்டு?"